ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சாவி வேட்டை!

ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போயிருக்கீங்களா பாஸ்?

சென்னைப் பசங்களைக் கேட்கலை. அவங்க ஒன்பதாம் கிளாஸ்லேயே ஹெட்போன் வாங்கப் போயிருப்பாங்க. விழுப்புரம், அரியலூர், தருமபுரின்னு வெளியூர்ல இருந்து இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களைத்தான் கேட்கிறேன். ப்ளஸ் டூ ரிசல்ட் வந்து, காலேஜ் சீட்டும் கிடைச்சு, 'பையனுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கணும்'னு வீட்ல பேச்சு ஆரம்பிச்ச உடனே ஏதாவது ஒரு சித்தப்பா, 'ஷோரூம்லாம் எதுக்கு? ரிச்சி ஸ்ட்ரீட் போனா பாதி விலை'ன்னு சொல்வாரே... அந்த ரிச்சி ஸ்ட்ரீட்!

வழி சொல்றேன். மெட்ரோவில் வந்தால் அரசினர் தோட்டம் ஸ்டேஷன். பறக்கும் ரயிலில் வந்தால் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கிக் கொஞ்சம் நடக்கணும். அண்ணா சாலையிலிருந்து நரசிங்கபுரம் தெருவுக்குள் திரும்பினதும் தலைக்கு மேலே வானம் காணாமல் போகும். அத்தனை ஒயர்! பேர்தான் ஒரு தெரு. ரிச்சி ஸ்ட்ரீட், நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் ரோடுன்னு நாலஞ்சு தெரு சேர்ந்த கூட்டுக் குடும்பம் அது. (மீரான் சாகிப் தெருவுக்குச் சினிமா விநியோகஸ்தர்கள் ஆபீஸ் போட்ட தெருன்னு தனிப் பெருமை உண்டு. அது வேற கதை, வேற வாரம்.) டெல்லிக்கு நேரு ப்ளேஸ், மும்பைக்கு லேமிங்டன் ரோடு, பெங்களூருக்கு எஸ்.பி. ரோடுன்னா, நமக்கு இது.

ரேடியோ வால்வும் டி.வி. பார்ட்ஸும் தேடி வந்த அப்பாக்கள் நடந்த இடத்தில், இப்போ கிராபிக்ஸ் கார்டு தேடிப் பசங்க நடக்கிறாங்க. மாறாத விஷயம் ஒண்ணு உண்டு. டீக்கடைக்குப் பக்கத்தில் கால் வைக்க இடம் இருக்காது. ட்ரை சைக்கிளில் மானிட்டர் அட்டைப்பெட்டிகளை ஆளுயரத்துக்கு அடுக்கிக்கிட்டு ஒருத்தர், 'ஓரம்... ஓரம்...'னு வருவார். நீங்க ஒதுங்கலைன்னா அவர் பொறுப்பில்லை!

சமீபத்தில் ஒரு சனிக்கிழமை அக்கா பையனைக் கூட்டிக்கிட்டு அங்கே போனேன். விழுப்புரத்துப் பையன். இன்ஜினீயரிங் முதல் வருஷம் சேரப் போறான். அக்கா சீட்டு எடுத்துக் கொடுத்த 20,000 ரூபாயை பேன்ட் உள்பாக்கெட்டில் வெச்சு ஊக்கு போட்டிருந்தான். பஸ் ஏறினதுல இருந்து பத்து தடவை பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தாச்சு. அந்தப் பணத்துக்குப் புது லேப்டாப் ஆசைப்பட முடியாது. பழசை வாங்கித் துடைச்சு, பேட்டரி மாத்தி, டிஸ்க் மாத்தி விக்கிறாங்களே... 'ரீஃபர்பிஷ்டு'. அதுதான் எங்க டார்கெட்.

நாலு கடை ஏறி இறங்கினதில் ஒரு லேப்டாப் பையனுக்குப் பிடிச்சுப்போச்சு. எட்டாவது தலைமுறை ஐ5, 8 ஜி.பி. ரேம். விலை 18,500. பேரம் பேசி 18,000. சந்தோஷமா ஊக்கைக் கழட்டப் போன நேரத்தில் கடைக்காரர் கால்குலேட்டரைத் தட்டினார்.

"ஓ.எஸ். தனி தம்பி. விண்டோஸ் லெவன் ப்ரோ, ஒரிஜினல் கீயோட போட்டிருக்கேன். 400 ரூபா சேத்துக் குடுத்துருங்க."

400 ரூபாய்தானே! நான் சரின்னு தலையாட்டிட்டேன். பையன்தான் கேட்டான், "மாமா, கீ இல்லாம விண்டோஸ் போடவே முடியாதா?"

கடைக்காரர் சிரிச்சார். "கீ இல்லாம எப்படி தம்பி வீட்டுக்குள்ள போவ?"

கேள்வி என்னமோ சின்னதுதான். ஆனா எனக்கு 2007 ஞாபகம் வந்துடுச்சு. கொஞ்சம் பின்னாடி போயிட்டு வந்துடலாமா?

அப்போ நான் ஃபைனல் இயர். எங்க ஹாஸ்டலில் விண்டோஸ் எக்ஸ்.பி. சி.டி. ஒண்ணே ஒண்ணுதான் இருந்தது. அதில் இருந்து காப்பி, காப்பியில் இருந்து காப்பின்னு மொத்த பிளாக்கும் ஓடிச்சு. சி.டி. மேல மார்க்கர் பேனாவில் 'எக்ஸ்.பி.', கவர் மேல பால் பாயின்ட்டில் 25 எழுத்து. அந்த 25 எழுத்தை இன்ஸ்டால் பண்ணும்போதே கேட்கும். தப்பா அடிச்சா அடுத்த ஸ்க்ரீன் வராது. அன்னிக்கு உங்க கேள்விக்குப் பதில் ரொம்ப சிம்பிள்... கீ இல்லைன்னா இன்ஸ்டாலே ஆகாது!

அந்த கீயைக் கவனிச்சுப் பார்த்திருக்கீங்களா? ஆங்கிலத்தில் ஏ, இ, ஐ, ஓ, யு ஒண்ணுகூட வராது. உயிரெழுத்தே இல்லாத ஒரு பாஷை! சைபரும் ஒண்ணும்கூடக் கிடையாது. சைபரா ஓவா, ஒண்ணா ஐயான்னு குழம்பக் கூடாதே. ஆனா 'பி'யும் இருக்கும், 8-ம் இருக்கும். டியூப் லைட் வெளிச்சத்தில் பால் பாயின்ட் கையெழுத்தில் எது 'பி', எது 8-ன்னு கண்டுபிடிக்க நாங்க விட்ட பெருமூச்சில் ஹாஸ்டல் ஃபேன் தனியா ஓடியிருக்கும்.

எக்ஸ்.பி. வந்தது 2001 அக்டோபரில். கீயை அடிச்சா மட்டும் போதாது, அது உண்மையான கீதான்னு மைக்ரோசாஃப்ட்கிட்ட பதிவு பண்ணணும்னு 'ஆக்டிவேஷன்' முறையை வீட்டுக் கம்ப்யூட்டர் விண்டோஸுக்குக் கொண்டுவந்தது அதோடதான். 30 நாள் டைம். ஆனா நூத்துக்கணக்கில் கம்ப்யூட்டர் வெச்சிருக்கிற பெரிய கம்பெனிகளுக்காக, ஆக்டிவேஷனே தேவைப்படாத தனி கீ கொடுத்தாங்க. அதில் ஒண்ணு வெளியே கசிஞ்சது. எஃப், சி, கே, ஜி, டபிள்யூன்னு ஆரம்பிக்கும். உலகத்தில் எத்தனையோ ஹாஸ்டல் சுவத்தில் ஏறின கீ அது! 2002-ல் சர்வீஸ் பேக் 1 வந்தப்போ அதை பிளாக் பண்ணிட்டாங்க. உடனே அடுத்த கீ வந்தது. அதையும் பிளாக் பண்ணினா அதுக்கடுத்தது. திருடன் - போலீஸ் விளையாட்டு.

இதில் ஒரு சீனியர் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த ரகசியம்... "மச்சி, ஆட்டோமேட்டிக் அப்டேட்டை மட்டும் ஆஃப் பண்ணிடு. இல்லைன்னா மாட்டிப்ப." ஆமா, அப்டேட்டோட சேர்ந்து 'உன் விண்டோஸ் ஒரிஜினல்தானா?'ன்னு செக் பண்ற புரோகிராமும் வரும். அதனால மொத்த ஹாஸ்டலும் அப்டேட்டை ஆஃப் பண்ணி வெச்சிருந்தது. திருடன் வந்தா கத்துற நாயை, 'ஹவுஸ் ஓனரைப் பார்த்தாலும் கத்துது'ன்னு விரட்டிவிட்ட மாதிரி.

விரட்டிவிட்ட பிறகு திருடன் வராம இருப்பானா? அந்த வருஷம் நம்ம ஊர் காலேஜ் லேப்களில் 'நியூ ஃபோல்டர் டாட் ஈ.எக்ஸ்.ஈ.'ன்னு ஒரு வைரஸ் சுத்திக்கிட்டிருந்தது. மஞ்சள் ஃபோல்டர் படத்தோட பென் டிரைவில் சமத்தா உட்கார்ந்திருக்கும். ஃபோல்டர்தானேன்னு டபுள் க்ளிக் பண்ணினா கதை முடிஞ்சது. என் ரூம்மேட் க்ளிக் பண்ணினான். வைவாவுக்கு ரெண்டு நாள் இருக்கு. டாஸ்க் மேனேஜர் திறக்கலை, சிஸ்டம் நத்தையா நகர்ந்தது. அதே சீனியரைக் கூப்பிட்டோம். அவர் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், "ஃபார்மட் அடிச்சுடலாம் மச்சி"ன்னார். அடிச்சார். 'சி' டிரைவை மட்டும் அடிக்க வேண்டியவர், பார்ட்டிஷனையும் சேர்த்து அழிச்சார். 'டி' டிரைவில் இருந்தது ஆறு மாச ப்ராஜெக்ட்!

பிரின்ட் எடுத்து வெச்சிருந்த பழைய பக்கங்களைப் பார்த்து ரெண்டு ராத்திரி நாங்க நாலு பேர் மாத்தி மாத்தி டைப் அடிச்சோம். ரிப்போர்ட் வந்தது, ப்ராஜெக்ட் ஓடலை. எட்டு செமஸ்டரில் ஒரு அரியர்கூட வெக்காத பையன், கடைசியில் ப்ராஜெக்ட்டில் அரியர் வெச்சான். கேம்பஸில் கிடைச்ச வேலைக்கு ஜாய்னிங் டேட் போச்சு. அவங்க அப்பா ஹாஸ்டலுக்கு வந்து பெட்டியைத் தூக்கிக்கிட்டு முன்னால் நடக்க, இவன் ஒண்ணும் பேசாம பின்னால் போனது இன்னும் கண்ணுக்குள்ளே இருக்கு. (இப்போ அவன் ஒரு பேங்க்கில் கம்ப்யூட்டர் பாதுகாப்புப் பிரிவில் இருக்கான். சிரிக்காதீங்க, சீரியஸா!)

சரி, ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குத் திரும்பி வாங்க. பையன் கேள்வி அப்படியே நிக்குது.

"கீ இல்லாம விண்டோஸ் போட முடியாதா?" முடியும்! இதுதான் கடைக்காரர் சொல்லாத பதில். விஸ்டாவிலும் விண்டோஸ் 7-லும் இன்ஸ்டால் பண்ணும்போது கீ கேட்கிற இடத்தைத் தாண்டிப் போக முடிஞ்சது. விண்டோஸ் 8 மறுபடியும் முறைச்சுக்கிட்டு நின்னது. 2015-ல் விண்டோஸ் 10 வந்ததில் இருந்து அந்த ஸ்க்ரீனிலேயே கீழே சின்னதா எழுதியிருக்கும்... 'ஐ டோன்ட் ஹேவ் எ ப்ராடக்ட் கீ'. அதாவது, 'என்கிட்ட கீ இல்லைங்க'. அதை க்ளிக் பண்ணுங்க, சமத்தா இன்ஸ்டால் ஆகும். 2021-ல் வந்த விண்டோஸ் 11-லும் அதே கதைதான். கீ போடாம விட்டா, ஸ்க்ரீனின் வலது கீழ் மூலையில் 'ஆக்டிவேட் விண்டோஸ்'னு பேய் மாதிரி ஒரு எழுத்து நிக்கும். செட்டிங்ஸில் போய் வால்பேப்பர், கலர் எதையும் மாத்த விடாது. மத்தபடி டைப் அடிக்கலாம், படம் பார்க்கலாம்.

'அப்புறம் என்ன மாமா, அப்படியே ஓட்டிடலாமே!'ன்னு நீங்களும் கேட்பீங்க. அவனும் கேட்டான். இங்கேதான் கொஞ்சம் நிதானமா யோசிக்கணும். வாடகை வீட்டுக்கு ரெண்டு விஷயம் உண்டு இல்லையா? ஒண்ணு சாவி. இன்னொண்ணு வாடகை அக்ரிமென்ட். சாவி இருந்தா கதவு திறக்கும். அக்ரிமென்ட் இருந்தாத்தான் உள்ளே இருக்கலாம். கீ என்கிறது சாவி. லைசென்ஸ் என்கிறது அக்ரிமென்ட். விண்டோஸ் 10-க்கு அப்புறம் கதவைத் திறந்து வெச்சுட்டாங்க, அவ்வளவுதான். இன்ஸ்டால் பண்ணும்போது நாம படிக்காமலே 'அக்செப்ட்' அமுக்குற அந்த நீளமான பத்திரத்தில், முறையா லைசென்ஸ் வாங்கி ஆக்டிவேட் பண்ணினாத்தான் பயன்படுத்தலாம்னு எழுதியிருக்கு. கதவு திறந்திருக்குதேன்னு யார் வீட்லயும் பாய் விரிச்சுப் படுக்க முடியாதுல்ல?

சட்டமும் அதைத்தான் சொல்லுது. நம்ம நாட்டு பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 63-பி. திருட்டு காப்பின்னு தெரிஞ்சே ஒரு புரோகிராமை கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் ஏழு நாளில் இருந்து மூணு வருஷம் வரை ஜெயில், 50,000-ல் இருந்து 2 லட்சம் வரை அபராதம். லாபத்துக்கோ வியாபாரத்துக்கோ பயன்படுத்தலைன்னா, ஜெயில் இல்லாம 50,000 ரூபாய் வரை அபராதத்தோட விடலாம்னு கோர்ட்டுக்கு இடம் கொடுத்திருக்காங்க. ஹாஸ்டல் ரூமுக்குள்ள போலீஸ் வந்து நான் பார்த்ததில்லை. ஆனா என் ரூம்மேட்டுக்கு வந்த தண்டனையைப் பார்த்திருக்கேன்.

இதையெல்லாம் கடை வாசலில் நின்னு நான் லெக்சர் அடிச்சுக்கிட்டிருக்க, பையன் என்ன பண்ணினான் தெரியுமா? கடைக்காரர் திறந்து வெச்சிருந்த அந்த லேப்டாப்பில் செட்டிங்ஸ் போனான், சிஸ்டம் போனான், ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்தான். 'ஆக்டிவ்'னு பச்சை டிக். எல்லாம் சரின்னு நினைச்சேன். அவன் அதுக்குக் கீழே இருந்த வரியை வாய்விட்டுப் படிச்சான்... "உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வீஸ் மூலம் ஆக்டிவேட் செய்யப்பட்டது."

"எந்த நிறுவனம் மாமா? நான் இன்னும் காலேஜே சேரலையே!"

எனக்குச் சிரிப்பு வந்தது, அதைவிட வெட்கம் வந்தது. ரெண்டு நிமிஷத்துக்கு முன்னால் 400 ரூபாய்க்குத் தலையாட்டினவன் நான்தானே.

அந்த வரிக்கு அர்த்தம் இதுதான். பெரிய நிறுவனங்களில் ஆயிரம் கம்ப்யூட்டருக்குத் தனித்தனியா கீ போட மாட்டாங்க. உள்ளுக்குள்ளேயே ஒரு சர்வர் இருக்கும். கம்ப்யூட்டர்கள் எல்லாம் அதுகிட்ட போய், 'நான் நம்ம ஆளுதான்'னு அட்டென்டன்ஸ் கொடுக்கணும். ஒரு தடவை கொடுத்தா 180 நாள் செல்லும். 'கே.எம்.எஸ்.'னு பேர். திருட்டு ஆக்டிவேட்டர் என்ன பண்ணுதுன்னா, உங்க லேப்டாப்புக்குள்ளேயோ வேற எங்கேயோ ஒரு போலி சர்வரை உட்கார வெச்சு, அதுகிட்ட அட்டென்டன்ஸ் கொடுக்க வைக்குது. அதை ஓட்டணும்னா, 'ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிக்கோ'ன்னு கேட்கும். நாயை விரட்டுற அதே பழைய கதை! அந்த ஆக்டிவேட்டரை யார் எழுதினாங்க, கூடவே வேற எதையெல்லாம் உள்ளே வெச்சாங்கன்னு கடைக்காரருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அதே லேப்டாப்பில்தான் அக்காவோட பேங்க் பாஸ்வேர்டை அடிச்சு ஃபீஸ் கட்டப் போறான்.

"ஓ.எஸ். வேண்டாம்ணே, டிஸ்க்கைக் காலி பண்ணிக் குடுத்துருங்க"ன்னோம்.

"ஓ.எஸ். இல்லாம என்ன பண்ணுவீங்க? தோசை ஊத்துவீங்களா?"ன்னார். ஆனா கோபப்படலை. அழிச்சுக் கொடுத்தார். 18,000 ரூபாய்க்கு பில்லும் போட்டார். அவரையும் சொல்லிக் குத்தமில்லை. ஒரிஜினல் விண்டோஸ் ஹோம் பாக்ஸ் விலையைக் கேட்டேன், பத்தாயிரத்துச் சொச்சம்னார். 18,000 ரூபாய் லேப்டாப்புக்கு அதை எந்தக் கஸ்டமர் வாங்குவான்? அவர் கேட்கிறதும் நியாயமாத்தான் படுது.

அங்கே இருந்து ரெண்டு சந்து தள்ளி, மாடியில், ஆள் ஏறினா படி முனகுற ஒரு சர்வீஸ் கடை. லேப்டாப் சட்டையைக் கழட்டி பல் விளக்கிவிடுற மாதிரி பிரஷ் போட்டுக்கிட்டிருந்தார் ஒரு அண்ணன். விஷயத்தைச் சொன்னோம். லேப்டாப்பைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார்.

"தம்பி, இது ஹோம் யூஸ் மாடல். புதுசா வித்தப்பவே விண்டோஸ் ஹோமோட வந்திருக்கும். முத ஓனர் அந்தக் காசைக் குடுத்தாச்சு. கீ உள்ளேயே இருக்கும்."

"எங்கேண்ணே? ஸ்டிக்கர்கூட இல்லையே?"

"ஸ்டிக்கர்லாம் அந்தக் காலம். இப்ப மதர்போர்டுலயே எழுதிருவாங்க."

முன்னாடி எல்லாம் லேப்டாப் அடியில் 25 எழுத்தோட ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்க. தொடைச்சூட்டில் தேய்ஞ்சு பாதி எழுத்து போயிருக்கும். 2012-ல் விண்டோஸ் 8 வந்ததில் இருந்து, கம்பெனிகள் கீயை மதர்போர்டில் இருக்கிற சிப்பிலேயே எழுதி அனுப்ப ஆரம்பிச்சாங்க. நீங்க டிஸ்க்கை அழிச்சாலும், மாத்தினாலும் அது போகாது. மதர்போர்டு மாறினா மட்டும் போயிடும்.

அண்ணன் பென் டிரைவைச் செருகி அவன்கிட்டயே லேப்டாப்பைத் தள்ளினார். "நீயே போடு. இன்ஜினீயரிங் படிக்கப் போறல்ல?" பையன் போட்டான். கீ கேட்கிற ஸ்க்ரீனுக்காக நாங்க ரெண்டு பேரும் காத்துக்கிட்டே இருந்தோம். அது வரவே இல்லை! ஹோமா, ப்ரோவான்னுகூடக் கேட்கலை. தானே சிப்பைப் படிச்சுட்டு ஹோம் போட ஆரம்பிச்சுடுச்சு. இன்டர்நெட் கேட்டது, என் போனில் ஹாட்ஸ்பாட் போட்டேன். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் கேட்டது, மெயில் ஐ.டி. கொடுத்தான். கீழே போய் ரெண்டு சமோசா, ஒரு டீ. திரும்பி வந்து ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்தால்... 'டிஜிட்டல் லைசென்ஸ் மூலம் ஆக்டிவேட் செய்யப்பட்டது'. நிறுவனமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

யோசிச்சுப் பாருங்க. முதல் ஓனர் காசு கொடுத்து வாங்கின அக்ரிமென்ட் லேப்டாப்புக்குள்ளேயே பத்திரமா இருந்திருக்கு. அதை மூடி வெச்சுட்டு, மேலே 'ப்ரோ'ன்னு ஒரு கள்ளச்சாவி விண்டோஸைப் போட்டு, அதுக்கு 400 ரூபாய். தங்கச் செயின் மேல கவரிங் முலாம் பூசி, முலாமுக்குக் காசு வாங்கின மாதிரி!

எல்லாருக்கும் இந்த அதிர்ஷ்டம் அடிக்காது, அதையும் சொல்லிடறேன். நீங்க பார்ட் பார்ட்டா வாங்கி அசெம்பிள் பண்ற டெஸ்க்டாப்பா இருந்தா, அந்த மதர்போர்டுக்குள் கீ எதுவும் இருக்காது. விண்டோஸ்தான் வேணும்னா லைசென்ஸ் வாங்கித்தான் ஆகணும். தனியா பாக்ஸில் வாங்குற ரீடெய்ல் லைசென்ஸை நாளைக்கு வேற கம்ப்யூட்டருக்கு மாத்திக்கலாம். கம்ப்யூட்டரோட வர்ற ஓ.இ.எம். லைசென்ஸ் அந்த மதர்போர்டோடயே செத்துப்போகும். முந்நூறு, நானூறு ரூபாய்க்கு விக்கிற 'ஒரிஜினல் கீ'யில், கம்பெனிக்குன்னு மொத்தமா கொடுத்ததைச் சில்லறையில் பிரிச்சு விக்கிற கீ கலந்திருக்கும். இன்னிக்குக் கதவு திறக்கும். பிளாக் பண்ற அன்னிக்கு மூடிக்கும். எஃப், சி, கே, ஜி, டபிள்யூவோட பேரன் பேத்திகள்! காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி உங்க காலேஜ் லேபில் ஒரு தடவை கேட்டுப் பாருங்க. சில காலேஜ்கள் மைக்ரோசாஃப்ட்கிட்ட போட்டிருக்கிற ஒப்பந்தத்தில் மாணவர்களுக்கும் பங்கு இருக்கும்.

நாங்க கிளம்பற நேரத்தில் ஒரு பொண்ணும் அவங்க அப்பாவும் படியேறி வந்தாங்க. கையில் 9,000 ரூபாய்க்கு வாங்கின ஆறாவது தலைமுறை லேப்டாப். இந்த மாதிரி பெட்டிகள் இப்போ ரிச்சி ஸ்ட்ரீட்டில் மலை மாதிரி குவிஞ்சிருக்கு. காரணம் தெரியுமா? விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச சப்போர்ட்டை 2025 அக்டோபர் 14-ம் தேதியோட மைக்ரோசாஃப்ட் நிறுத்திடுச்சு. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமா ஏறணும்னா இன்டெல்லில் எட்டாவது தலைமுறையாவது இருக்கணும், டி.பி.எம். 2.0-ன்னு ஒரு பாதுகாப்பு வசதி இருக்கணும். இல்லாத லேப்டாப் எல்லாம் நல்லா ஓடினாலும் ரிட்டயர்டு கேஸ். பொண்ணு பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேரப் போகுதாம்.

"லினக்ஸ் போட்டுத் தரவாம்மா?"ன்னார் அண்ணன்.

அப்பா இடையில் புகுந்தார். "அதுக்குக் கீ எவ்வளவு சார்?"

"அதுல கீ போடுற இடமே இல்லைங்க."

அவர் முகத்தைப் பார்க்கணுமே... நம்பவே இல்லை. இலவசம்னா ஏதோ வில்லங்கம்னு நினைக்கிற தலைமுறை. அவருக்கு நான்தான் சொன்னேன், உங்களுக்கும் சொல்றேன். லினக்ஸுக்கு லைசென்ஸ் இல்லைன்னு நினைக்காதீங்க. பக்காவா இருக்கு. பேரு ஜி.பி.எல். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989-ல் எழுதி வெளியிட்டது. யார் வேணும்னாலும் பயன்படுத்தலாம், காப்பி எடுக்கலாம், மாத்தி எழுதலாம், விக்கவும் செய்யலாம். ஆனா அடுத்தவங்களுக்குக் கொடுக்கும்போது, உங்களுக்குக் கிடைச்ச இதே உரிமையையும் சோர்ஸ் கோடையும் சேர்த்துக் கொடுக்கணும். 1991-ல் ஹெல்சிங்கி யுனிவர்சிட்டியில் படிச்சுக்கிட்டிருந்த 21 வயசுப் பையன் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுத ஆரம்பிச்சது லினக்ஸ். அடுத்த வருஷமே அதை இந்த லைசென்ஸுக்குள் கொண்டுவந்தார். ஆக, 400 ரூபாய் கடையில் கீ இருந்தது, லைசென்ஸ் இல்லை. இங்கே லைசென்ஸ் இருக்கு, கீ இல்லை!

2000-களில் உபுண்டுவோட 'ஷிப்இட்' திட்டத்தில் பேரும் அட்ரஸும் கொடுத்தா, வெளிநாட்டில் இருந்து சி.டி.யை இலவசமா போஸ்ட்டில் அனுப்புவாங்க. 2011-ல் நிறுத்திட்டாங்க. எங்க ஹாஸ்டலுக்கு வந்த கவரைப் பார்த்து வார்டன், 'ஃபாரின்ல யாருடா உனக்குச் சொந்தம்?'னு விசாரிச்சார். நாங்க என்ன பண்ணினோம்? அந்த சி.டி.யை ஃபேன் காத்தில் ஆடுற மாதிரி நூல் கட்டி ஜன்னலில் தொங்கவிட்டோம். கள்ளச்சாவி விண்டோஸ்தான் கெத்து! 2011 செப்டம்பரில் தமிழக அரசு கொடுக்க ஆரம்பிச்ச இலவச லேப்டாப்பிலும் விண்டோஸோட சேர்த்து, சி-டாக் சென்னைப் பிரிவு உருவாக்கின 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. எங்க ஊர்ல அதைத் திறந்து பார்த்த பசங்களைவிட, ஒரே வாரத்தில் அழிச்ச பசங்கதான் அதிகம்.

லினக்ஸ்தான் சர்வரோக நிவாரணின்னு கொடி பிடிக்க வரலை. சிவில், மெக்கானிக்கல் பசங்களுக்கு ஆட்டோகேட் வேணும். அது லினக்ஸுக்கு வர்றதில்லை. பி.காம். படிச்சா டேலி கேட்பாங்க. சில ஆன்லைன் தேர்வு சாஃப்ட்வேர் விண்டோஸ் இல்லைன்னா முகத்தைத் திருப்பிக்கும். ஆனா சி, ஜாவா, பைத்தான்னு படிக்கப் போற பொண்ணுக்கு அந்த 9,000 ரூபாய் லேப்டாப் இன்னும் பல வருஷம் உழைக்கும், செக்யூரிட்டி அப்டேட்டோட. அண்ணன் போட்டுக் கொடுத்தார். அப்பா ரெண்டு தடவை கேட்டுட்டார், "சார், பின்னாடி காசு கட்டச் சொல்லி லெட்டர் எதுவும் வராதே?"

அண்ணன் எங்ககிட்ட வாங்கின கூலி 200. கணக்குப் போட்டான் பையன். 18,000 லேப்டாப், 200 கூலி, சமோசா, டீ. சீட்டுப் பணத்தில் மிச்சம் இருந்ததை மறுபடி உள்பாக்கெட்டில் வெச்சு ஊக்கு போட்டுக்கிட்டான். "அம்மாகிட்ட 400 ரூபா மிச்சம் பிடிச்சேன்னு சொல்லலாமா மாமா?"

"200-ன்னு சொல்லு. கூலி குடுத்தோம்ல."

போறதா இருந்தா ஒண்ணே ஒண்ணு. 8 ஜி.பி.க்குக் குறையாத பென் டிரைவில் வீட்டிலேயே விண்டோஸையோ லினக்ஸையோ இறக்கி எடுத்துக்கிட்டுப் போங்க. ரெண்டையும் அந்தந்தச் சொந்தத் தளத்திலேயே இலவசமா இறக்கலாம். ஆக்டிவேஷன் பக்கத்தைப் படிச்சுட்டு அப்புறமா ஊக்கைக் கழட்டுங்க. முக்கியமா, ஞாயித்துக்கிழமை போயிடாதீங்க. முக்கால்வாசிக் கடை லீவு!